ஒன்பதாம் நம்பர் எங்கே நிற்க வேண்டும்?

ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்பந்து ஆடும் பசங்களைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்ட், குண்டாக இருப்பவன் பேக், கடைசியாக வந்து சேர்ந்தவன் கோல்கீப்பர் :-) ஒருமுறை இடம் முடிவாகிவிட்டால் அவ்வளவுதான், யாரும் மாற்ற மாட்டார்கள். உலகக் கால்பந்தும் பல வருடங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது.

பழைய அமைப்பு 2-3-5. இரண்டு பேக், மூன்று ஹாஃப் பேக், ஐந்து ஃபார்வர்ட். கோல்கீப்பரை 1 என்று வைத்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் நடு ஃபார்வர்டுக்கு 9 வரும். அந்த நம்பர் இப்படி வந்ததுதான். 1925-ல் ஆஃப்சைட் விதி தளர்ந்தது. முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது இரண்டு பேர் என்று ஆனது. கோல்கள் கொட்டின. அர்செனல் அணியின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை, எதிரணி 9-ஐ விடாமல் பிடிப்பது.

சரி, அந்த 9 அங்கே நிற்கவே இல்லை என்றால்? 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. ஹங்கேரியின் ஹிடெகுட்டி 9 போட்டுக்கொண்டு நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் பின்னாலேயே போவதா, இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் திண்டாடினார். ஹிடெகுட்டிக்கு மூன்று கோல், ஹங்கேரி 6-3.

இதற்கு முந்தைய வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. அந்த யூகோஸ்லாவியாவையே இறுதிப் போட்டியில் 2-0 என்று வென்றது இதே ஹங்கேரிதான். நம் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம், ஒரு பள்ளி ஆசிரியர். இதையெல்லாம் கவனித்து, சென்டர் ஃபார்வர்டைக் கீழே இறக்குவது, ஒரு ஹாஃபைப் பேக் வரிசையில் சேர்ப்பது என்று மாற்றிப் பார்த்தார். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றோம், நெவில் டிசௌசாவுக்கு ஹாட்ரிக். முடிவில் நான்காம் இடம். பிரேசிலுக்கு முன்பே ரஹீம் 4-2-4 ஆடிவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. ஹங்கேரியின் ஆட்டத்திலேயே பாதி 4-2-4 இருந்தது. யார் முதலில் என்பதைவிட, ரஹீம் ஆட்களை இடம் மாற்றிய துணிச்சல்தான் பெரிய விஷயம்.

அதற்குச் சரியான சாட்சி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அடுத்து ஜப்பானுடன் அவர் ஆடவில்லை. வேறு யாராக இருந்தாலும் அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ரஹீமோ அருண் கோஷை ஸ்டாப்பராக்கி, ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். 3-2 என்று தப்பித்தோம்.

இறுதி ஆட்டத்துக்கு கோலில் பீட்டர் தங்கராஜ் திரும்பினார், அதுவும் காய்ச்சலுக்குப் பிறகு. மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அணியில் பேர் வாங்கியவர். இன்னொரு வேடிக்கை, இவர் ஆரம்பத்தில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக! செப்டம்பர் 4 அன்று ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்காததை நம் ஜி.டி.சோந்தி கண்டித்த கோபம் அது. 17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி, 20-வது நிமிடம் ஜர்னைல். மறுபடியும் அதே தென்கொரியா, இந்த முறை 2-1 நமக்கு. தங்கம்.

அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூனில் காலமானார். 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குப் பதக்கமே இல்லை.