அளவு தெரியாத குளோரோஃபார்ம்

பி.காம் படிக்கிறவனுக்கு மருந்தியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அறுவை சிகிச்சைப் பிரிவில் படிக்கும் நண்பன், "மருந்துக்கும் விஷத்துக்கும் அளவுதான்டா வித்தியாசம்" என்றான். தேடிப் பார்த்ததில் கிடைத்த கதை இது.

1846 அக்டோபரில் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து, வலியில்லாத அறுவை சிகிச்சையை எல்லோர் முன்னும் காட்டினார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். துணியில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும், மயக்கம் வந்துவிடும்.

1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர்!

லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ காரணத்தை யோசித்தார். துணியில் ஊற்றினால் எவ்வளவு ஆவி உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்? மூச்சில் போகும் காற்றில் குளோரோஃபார்ம் 5 சதவீதத்தைத் தாண்டாதபடி ஒரு கருவி செய்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தில் துணியில்தான் கொடுத்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, 53 நிமிடங்கள்.

எங்கள் கணக்கில் ஒரு பூஜ்யம் தவறினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். நண்பா, உன் கணக்கில் அது முடியாது. அளவை முதலில் படி.