மரை இளக்கும் கைத்திறன்: பங்காருபாளையச் சாலையும் பழைய மோட்டார் வண்டிகளும்

சித்தூரிலிருந்து பலமனேர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி மலைவழி தொடங்குமுன் அமைந்துள்ள பங்காருபாளையம் மாங்காய்ச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்த இந்த வட்டாரத்தில் தெலுங்கோடு தமிழும் வழங்கிவருகிறது. தோத்தாபுரி மாந்தோப்பு, கரும்பு, நிலக்கடலை, கறவை மாடு ஆகியவற்றைச் சார்ந்தே இங்குள்ள உழவர் வாழ்க்கை அமைந்துள்ளது. இத்தகைய ஊர்களில், முன்பு மாட்டு வண்டியும் மிதிவண்டியும் சுமந்த பால் கேனையும் உர மூட்டையையும் புல்கட்டையும் சுமக்கும் வேலையில் பெரும்பகுதியை இருசக்கர மோட்டார் வண்டி ஏற்றுக்கொண்டது. சேற்றில் ஓடி, மழையில் நனைந்து, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் மாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடந்த பின் மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவரப்படும் அந்த வண்டியில், மெக்கானிக்குக்கு முதல் தடையாக நிற்பது கழல மறுக்கும் பாகம். இறுகிப்போன நட்டையும் போல்ட்டையும் பிஸ்டனையும் உடைக்காமல் பிரித்தெடுக்கும் திறன், கொல்லன் உலையிலிருந்தும், ஆங்கிலேயர் கொண்டுவந்த மரையளவுகளிலிருந்தும், உதிரிபாகப் பஞ்சத்திலிருந்தும் சேர்ந்து உருவானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருகின் உடலில் சுற்றிச் சுற்றி ஏறும் பள்ளத்தையும் மேட்டையும் தமிழில் மரை என்பர். தெலுங்கில் திருகாணியைக் குறிக்கும் ‘மரமேகு’ என்னும் சொல்லின் முன்பகுதி இதற்கு இனமானது. அறிவு பிறழ்ந்தவனை மரை கழன்றவன் என்று சொல்லும் பேச்சுவழக்கு, மரை தானாகக் கழல்வதை நினைத்து எழுந்தது. பட்டறைக்காரர் அஞ்சுவதோ மரை கழலாமல் நிற்பதை. அந்த இறுக்கம் மூன்று வகைப்படும். இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் பொருள், கரைந்த இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையின் இடைவெளி முழுவதும் ஆப்பு வைத்தது போல நிறைந்துவிடுவது முதல் வகை. எஃகுத் திருகு அலுமினிய உடலில் பூட்டப்பட்டிருக்க, இடையில் ஈரம் புகுந்து இரு உலோகங்களுக்கும் நடுவே சிறு மின்கலம் போன்ற வினை நடந்து, அலுமினியம் அரித்து வெண்பொடியாகி இறுகுவது இரண்டாம் வகை. ஓடும் என்ஜினில் எண்ணெய் வற்றி, சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்வது மூன்றாம் வகை. பட்டறை வழக்கில் இதனை ‘என்ஜின் சீஸ்’ என்பர்.

இறுகியதை இளக்குவதற்கு நெருப்பே துணை என்னும் அறிவு, மோட்டார் வண்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தென்னிந்தியக் கிராமங்களில் இருந்தது. கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும்போது, சக்கரத்தைவிடச் சற்றே சிறிய சுற்றளவுள்ள வளையத்தைக் கொல்லர் செய்து, அதைச் சுற்றி வறட்டியும் விறகும் அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச்சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பர். சுருங்கும் பட்டை ஆரக்கால்களையும் வட்டையையும் நெருக்கி இறுக்கிவிடும். 1.5 மீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையத்தின் வெப்பநிலை 600 டிகிரி உயர்ந்தால், அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடும் என்பது இன்றைய கணக்கு. அந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமலே கொல்லர் கண்ணளவிலும் இரும்பின் நிறத்திலும் அறிந்திருந்தார். பழைய பட்டையைக் கழற்றுவதற்கும் அதே நெருப்பு உதவியது. பின்னாளில் மோட்டார் மெக்கானிக் கேஸ் வெல்டிங் சுடரைக் கையிலெடுத்தபோது, கருவிதான் புதியதாக இருந்தது. சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஊர் அறிந்த உண்மையாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இருசக்கர மோட்டார் வண்டி செய்த ஆலைகளில் மூன்று, பங்காருபாளையத்தைத் தொட்டுச் செல்லும் சென்னை–பெங்களூர் வழியின் இரு பக்கங்களிலும் அமைந்தன என்பது கருதத்தக்கது. கிழக்கே சென்னையில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டியை முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டி, பின்னர் முழுவதுமாக இங்கேயே செய்தது. மேற்கே மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் செக்கோஸ்லோவாக்கிய வடிவத்தில் ஜாவா வண்டிகளையும், 1973 முதல் யெஸ்டி என்னும் பெயர் கொண்ட வண்டிகளையும் வெளியிட்டு, 1996-இல் மூடப்பட்டது. ஓசூரில் 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் ஏறிச் செல்லத்தக்க மொபெட்டாக, அதாவது குறைந்த திறனுள்ள சிறு மோட்டார் வண்டியாக, சிற்றூர்களில் இடம்பிடித்தது. இவற்றோடு வடக்கேயிருந்து வந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் 175, போலந்து நாட்டு வடிவத்தைத் தழுவி எளிமையாகவும் கனமாகவும் அமைந்திருந்ததால், பால்காரர்களின் வண்டியாகவே அறியப்பட்டது.

ஆங்கிலேய, செக்கோஸ்லோவாக்கிய, போலந்து மரபுகள் ஒரே பட்டறையின் வாசலில் வந்து நின்றதால் மரையளவுச் சிக்கல் எழுந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் வகுத்த திருகளவில் மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் அளவில் அது 60 டிகிரி. புல்லட் ஆங்கிலேய மரபைச் சுமந்து வந்தது. ஜாவா மெட்ரிக் அளவில் வந்தது. இந்திய அரசோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாட்டையே மெட்ரிக் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. கால் அங்குல விட்வொர்த் போல்ட்டின் தலை 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர் அகலமுடையது. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் நுழையாது, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் தளர்ந்து ஆடும். ஆடும் ஸ்பேனரால் ஒருமுறை வலுவாகத் திருப்பினாலே அறுகோணத் தலையின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும் என்பதால், துருவால் இறுகிய பல திருகுகள் பொருந்தாத கருவியால் இருமடங்கு கடினமாயின. ஆகவே சரியான ஸ்பேனரைத் தேர்ந்தெடுப்பதே இத்தொழிலின் முதல் பாடமாக அமைந்தது. மிதிவண்டியின் இடப்பக்கப் பெடலில் இருப்பது போல, சுழற்சியால் தானே கழலாதிருக்கச் சில இடங்களில் இடம்புரி மரை வைக்கப்பட்டிருக்கும். அதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவர்.

இந்தத் திறன் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்குப் பஞ்சமே காரணம். தொழில் உரிமங்கள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த, விடுதலைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. உழவருக்கு ஒரு வண்டி வாய்த்தால், அது இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். உடைந்த ஸ்டட்டுக்கு, அதாவது இருமுனையிலும் மரையுள்ள கம்பிக்கு, மாற்று வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து எடுக்க வேண்டும். உடைப்பது எளிதாகவும் மாற்றுவது அரிதாகவும் இருந்த அந்தச் சூழலில், ஒரு திருகைக் காப்பாற்றுவதற்கு ஓர் இரவு காத்திருப்பது சிக்கனமாகவே கருதப்பட்டது.

காத்திருப்பின் பொருள் ஊறவைத்தல். கம்பித் தூரிகையால் மரையின் வாயிலுள்ள மண்ணையும் துருவையும் நீக்கி, மண்ணெண்ணெயையோ டீசலையோ சொட்டுச் சொட்டாக விட்டுவைத்தால், மிக மெல்லிய அந்தத் திரவம் நுண்துளை ஈர்ப்பால் இடுக்குகளில் ஏறுகிறது. நியாயவிலைக் கடைகளில் மண்ணெண்ணெய் எளிதாகக் கிடைத்த காலத்தில் அதுவே கிராமப் பட்டறையின் முதல் மருந்தாக இருந்தது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பான்கள் இங்கே பரவலானது மிகப் பின்னரே. முழுவதும் துரு ஏறிய இரும்புப் பாகங்களுக்கு, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸை ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீரில் கரைத்து, ஓரிரு வாரங்கள் ஊறவிடும் முறையைப் பழைய வண்டிகளை மீட்பவர்கள் உலகெங்கும் கையாள்கின்றனர். அப்பாகிலுள்ள சேர்மங்கள் துருவைப் பற்றிக் கரைத்து, நல்ல இரும்பைப் பெரிதும் விட்டுவைக்கின்றன. அலுமினியத்தை அப்பாகு அரிக்கும் என்பதால், என்ஜின் உடலை அதில் இடுவதில்லை.

உழவரின் வண்டி நகர வண்டியைவிட விரைவாக இறுகுவதற்கு அதன் சூழலே காரணம். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு உப்பு துருவை விரைவுபடுத்துகிறது. மாட்டுக் கொட்டகையில் சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எழும் அம்மோனியா, கார்புரேட்டரிலுள்ள பித்தளைப் பாகங்களைத் தாக்குகிறது. இந்தத் தாக்குதல் இந்திய மண்ணிலேயே முன்பு கவனிக்கப்பட்ட ஒன்று: ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாக விரிசல் விட்டுப் பிளந்தன, 1921-இல்தான் அதற்கு அம்மோனியாவே காரணம் என்று ஆய்வாளர் விளக்கினர். லாயத்துத் தோட்டாவும் கொட்டகையில் கிடக்கும் கார்புரேட்டரும் ஒரே வினைக்கு உட்பட்டவை என்பதால், நெடுநாள் கிடந்த வண்டியின் பித்தளைத் திருகுகளை வலுவாகத் திருப்புவது அவற்றைத் துண்டாக்கிவிடக்கூடும்.

ஊறவைத்த பின் தட்டுதலும் அதன் பின் சூடாக்குதலும் வருகின்றன. போல்ட்டின் தலையை நேராகச் சுத்தியால் அளவாகத் தட்டும்போது, மரையிடையே படிந்த துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழிவிடுகிறது. பின்னர் கழற்றும் பக்கம் மட்டும் திருப்பாமல், சிறிது இறுக்கியும் சிறிது தளர்த்தியும் மாறி மாறி அசைத்தால் துருத் துகள்கள் வெளியேறுகின்றன. சூட்டின் பயன், இரு உலோகங்களின் விரிவு வேறுபடுவதில் உள்ளது: அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். அலுமினிய உடலிலுள்ள 50 மில்லிமீட்டர் துளை 100 டிகிரி சூடேறினால் 0.115 மில்லிமீட்டர் அகலும். அதில் அமர்ந்த எஃகு பேரிங் 0.06 மில்லிமீட்டரே பெருகும். எஞ்சும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவினதாயினும், சம்மட்டிக்கு அசையாத பேரிங் அதனால் கையின் எடைக்கே இறங்கிவரும். பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் அகற்றிய பின்னரே சுடரை நெருங்கவிட வேண்டும் என்பது இதில் மீறக்கூடாத விதி.

1984 முதல் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்தபோது, என்ஜின் மூடிகளில் கூட்டல் குறித் தலையுடைய திருகுகள் பெருகின. இத்தகைய தலையில் திருப்புளி, விசை மிகுந்தால் மேலெழும்பி வழுக்கி, பள்ளத்தைச் சிதைத்துவிடும். அதற்கு விடையாக வந்தது, பின்னால் சுத்தியால் அடித்தால் அந்த அடியையே சுழற்சியாக மாற்றித் தரும் இம்பாக்ட் திருப்புளி. அடி திருப்புளியைத் திருகுக்குள் அழுத்திக்கொண்டே திருப்புவதால் வழுக்குவதற்கு இடமில்லை.

பிஸ்டன் இறுகிய என்ஜினுக்கு இதனினும் மிகுந்த பொறுமை வேண்டும். டி.வி.எஸ். 50, ராஜ்தூத், ஜாவா ஆகிய இருவீச்சு என்ஜின்களில் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெயே மசகு. அந்த அளவு குறைந்தால் அலுமினியப் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரைவிட மிகுதியாக விரிந்து கவ்விக்கொள்ளும். பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டுச் சில நாள் வைத்து, கியருள்ள வண்டியாயின் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவது முதல் முயற்சி. சிலிண்டர் தலையைக் கழற்றிய பின்னும் அசையாவிட்டால், மரக்கட்டையைப் பிஸ்டன்மேல் வைத்தே தட்டுவர். இரும்பால் தட்டினால் பிஸ்டன் உடையும், சிலிண்டரின் குளிர்விக்கும் இதழ்கள் தெறிக்கும். விடுபட்ட பின் சிலிண்டரைப் போரிங் செய்து, அதாவது துளையை ஒரு படி அகலப்படுத்திக் கடைந்து, பெரிய பிஸ்டன் இடுவது வழக்கம்.

எல்லாம் பொய்த்தபின்தான் வெட்டுதல். உடைந்த ஸ்டட்டின் முனையில் நட்டை வைத்துப் பற்றவைத்தால், அந்தச் சூடே மரையை இளக்க, நட்டைப் பிடித்துத் திருப்பி எடுக்கலாம்; அதுவும் இயலாவிட்டால் நடுவில் துளையிட்டு, இடம்புரி மரையுள்ள பிடுங்கியைச் செலுத்துவர். உளியால் நட்டைப் பிளப்பது கடைசி வழி. மென்மையில் தொடங்கி வன்மையில் முடியும் இந்த வரிசையே தொழிலின் ஒழுக்கம்; வரிசையைத் தலைகீழாக்கி உளியில் தொடங்கியவர்கள், அலுமினிய உடலின் மரை உருவிக்கொண்டு வந்த பின் லேத்துக்காரரைத் தேடி ஓடினர்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஜாவா என்னும் பெயர் 2018-இல் புதிய வண்டியில் மீண்டும் வந்த பின், மைசூரில் பிறந்த பழைய வண்டிகளைத் தேடி வாங்குபவர்களும் பெருகியுள்ளனர். இரு காரணங்களாலும் கொட்டகை மூலையிலிருந்து வெளியே வரும் வண்டிகளைத் திறக்கத் தெரிந்த கைகள் இன்றும் தேவைப்படுகின்றன. பெரும்பாலும் எழுத்தில் பதியாமல், பட்டறையில் சிறுவயதில் சேர்ந்தவர் மூத்தவர் கையைப் பார்த்துப் பழகியே தொடர்ந்துவந்த இந்த அறிவு எழுதப்படத் தகுதியுடையது. அந்த மரபின் இயல்பைக் காட்டும் செயல், வேலையின் இறுதியில் நிகழ்வது. காப்பாற்றிய திருகை மீண்டும் பூட்டுமுன் நல்ல மெக்கானிக் அதன் மரையில் சிறிது கிரீஸ் தடவுகிறார். வண்டி அதனால் விரைவாக ஓடப்போவதில்லை, அன்றைய கூலியும் கூடப்போவதில்லை, ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் அதே திருகில் ஸ்பேனர் வைக்கும் வேறொருவருக்கு அது கழன்றுகொடுக்கும்.