ஒரே ஒரு உபரி டயர்

அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், படுக்கை அடுப்போடு கூடிய வேன் ஒன்று வாங்கியிருக்கிறான். "ரிப்பேருக்கு என்னென்ன டூல்ஸ் எடுத்துக்கணும் தாத்தா?" என்று கேட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் கதைதானே வரும்!

1903 மே 23. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரிலேயே போவேன் என்று 50 டாலர் பந்தயம் கட்டிய டாக்டர் ஹொரேஷியோ ஜாக்சன், 20 குதிரைத்திறன் விண்டன் காரில் கிளம்பினார். கூடவே மெக்கானிக் சீவல் குரோக்கர். படுக்கை, கோடாரி, மண்வெட்டி, கப்பியும் கயிறும், பெட்ரோல் கேன்கள் எல்லாம் ஏற்றியாயிற்று. உபரி டயர் மட்டும் ஒன்றே ஒன்று. ஊரெல்லாம் தேடியும் அளவுக்குக் கிடைத்தது அதுதான், அதுவும் பழசு. 15 மைல் தாண்டியதும் ஒரு டயர் வெடித்தது. கையிருப்பு காலி!

ஓரிகனில் பெட்ரோல் தீர்ந்தது. குரோக்கர் வாடகை சைக்கிளில் 25 மைல் போனார். அந்தச் சைக்கிளும் பஞ்சர். பிறகு சக்கர பேரிங் போனபோது, ஒரு விவசாயியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, அவருடைய புல் வெட்டும் இயந்திரத்து பேரிங்கைக் கழற்றி மாட்டினார். சேற்றில் புதைந்த போதெல்லாம் கைகொடுத்தது கப்பிக்கயிறு. 63 நாளில் நியூயார்க்.

புத்தகங்களில் ஜாக்சன் பெயர்தான் பெரிதாக இருக்கும். என் மார்க் குரோக்கருக்கே.

பேரன் எல்லாம் குறித்துக்கொண்டு, "டூல்ஸ் வாங்கிடலாம், குரோக்கரை எங்கே வாங்குறது?" என்கிறான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்கள் யாராவது பதில் போடுங்களப்பா. அடுத்த வாரம் கிளம்புகிறான்.