கவுன்சில் வரிப் பாக்கியும் பெய்லிஃப் கட்டணமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீடுகளுக்கு விதிக்கும் கவுன்சில் வரியைக் கட்டத் தவறியவரின் உடைமைகளை ஜப்தி செய்து பாக்கியை வசூலிக்க வருபவர் பெய்லிஃப். 2014 முதல் சட்டத்தில் அவருக்கு ‘அமலாக்க முகவர்’ என்று பெயர். மக்கள் பழைய பெயரை விடவில்லை. பெரும்பாலும் அவர் கவுன்சிலின் ஊழியர் அல்லர். கவுன்சிலோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் நிறுவனத்தின் ஆள். அவருக்கான கூலியைக் கவுன்சில் கொடுப்பதில்லை. வரி கட்ட முடியாமல் நிற்பவரே பாக்கியோடு சேர்த்து அதையும் கட்ட வேண்டும். இத்துறையில் நடந்த சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

தோற்றம்

நிலக்கிழார்கள் குடியானவரின் ஆடுமாடுகளை மனம்போனபடி பிடித்துச் சென்ற காலத்தில், மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில், 1267-இல் மார்ல்பரோ சட்டம் இயற்றப்பட்டது. ஜப்தி பாக்கிக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும், மிகுதியாகப் பிடித்தால் தண்டம் என்று அது விதித்தது. 1601-இல் முதலாம் எலிசபெத்தின் ஏழையர் நிவாரணச் சட்டம், ஊர்தோறும் வீட்டு வரி வசூலிக்க வழிசெய்தது. வரி தராதவர்மேல் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் வாரண்டு பிறப்பிப்பார்கள். பொருளைப் பிடித்து விற்பார்கள். பிடிக்கப் பொருள் இல்லையென்றால் சிறை. மாஜிஸ்திரேட் ஆணை, பிறகு ஜப்தி, கடைசியில் சிறை என்ற இந்த வரிசை இங்கிலாந்தில் இன்றும் மாறவில்லை. 1604-இன் செமெய்ன் வழக்கு, தனியார் கடனுக்காக வீட்டின் வெளிக்கதவை உடைக்கக் கூடாது என்று கோடு கிழித்தது. கவுன்சில் வரிக்கு முதன்முறை வரும் பெய்லிஃபும் கதவை உடைக்க முடியாது. சன்னல் வழியாக ஏறிக் குதிக்கவும் முடியாது. பூட்டாத கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதற்குத் தடையில்லை. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

கட்டணத்துக்கு வரம்பு கட்டும் முயற்சி 1817-இல் தொடங்குகிறது. சிறிய வாடகைப் பாக்கிகளுக்கான ஜப்தியில் எந்த வேலைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அவ்வாண்டுச் சட்டம் பட்டியலிட்டது. பத்தாண்டு கழித்து அது வரிப் பாக்கிகளுக்கும் நீட்டப்பட்டது. கூடுதலாக வாங்கியவர் மூன்று மடங்கு திருப்பித் தர வேண்டும். ஜப்தி செய்த பொருளைக் காக்க ஓர் ஆளைக் கடன்காரர் வீட்டிலேயே உட்கார்த்திவைத்து அவருக்கு நாட்கூலி கேட்பது அக்கால வழக்கம். பின்னாளில் ஆள் எழுந்து போனார், கூலி போகவில்லை. பொருளை வீட்டிலேயே விட்டுவைப்பதாகக் கையெழுத்து வாங்கி, அந்த ஒப்பந்தத்துக்கென்று தனிக் கட்டணம் வசூலித்தார்கள்.

தலைவரியிலிருந்து கவுன்சில் வரிக்கு

மார்கரெட் தாட்சர் அரசு பழைய வீட்டு வரியை ஒழித்து, ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியை 1989-இல் ஸ்காட்லாந்திலும், 1990-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொண்டுவந்தது. லட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. கிளாஸ்கோவில் ஜப்திப் பொருள் ஏலத்தைத் தடுக்கக் கூட்டம் திரண்டது. நீதிமன்றத் தடையை மீறி அதில் கலந்துகொண்ட தலைவரி எதிர்ப்பாளர் டாமி ஷெரிடன் 1992-இல் சிறை சென்றார். அவரே பின்னர் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினராகி, அந்த ஏல முறையை ஒழிக்கும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றவைத்தார். இங்கிலாந்தில் அப்படி எதுவும் நிகழவில்லை. 1993 ஏப்ரல் 1 முதல் தலைவரியின் இடத்தில் கவுன்சில் வரி வந்தது. 1991-இல் வீடு என்ன விலை போயிருக்கும் என்ற மதிப்பை வைத்து வீடுகள் எட்டுப் படிகளாகப் பிரிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அந்த மதிப்பே இன்றும் நடப்பில் உள்ளது.

வசூல் முறை கடுமையானது. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதற்கும் அசையாவிட்டால் தவணை உரிமை போய், ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரே நேரத்தில் பாக்கியாகிவிடும். பிறகு சம்மன், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கானோர்மேல் ஒரே அமர்வில், பாக்கிக்கு அவர்களே பொறுப்பு என்னும் பொறுப்பாணை. ஆணை கைக்கு வந்தபின் சம்பளத்தில் பிடிப்பதா, அரசு உதவித்தொகையில் பிடிப்பதா, பெய்லிஃபை அனுப்புவதா என்பது கவுன்சிலின் விருப்பம்.

கட்டணத் தகராறுகள்

1992-ஆம் ஆண்டு விதிகளின் கட்டணப் பட்டியல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தது. ஜப்தி எதுவும் நடக்காமல் போனாலும் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் கட்டணம் உண்டு. அதன் கடைசி ஆண்டுகளில் அவை முறையே 24.50 பவுண்டும் 18 பவுண்டுமாக இருந்தன. இதிலிருந்து பிறந்தது ‘வராத வருகை’: வாசலுக்கே வராமல் வந்ததாகக் கணக்கெழுதுவது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் யாரும் வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது? இதைவிடப் பெரிய ஓட்டை வேன் கட்டணம். பொருளை ஏற்றிப் போக வண்டியோடு வந்தால் ‘நியாயமான செலவு’ வாங்கலாம் என்று மட்டுமே விதி சொன்னது. எது நியாயம் என்று சொல்லவில்லை. நூறு பவுண்டுக்கு மேலும் கேட்டார்கள். ஜப்தியே செய்யாமல் வேனுக்குப் பணம், தெருவில் நின்ற அடுத்தவர் காரை ஜப்தி செய்ததாக எழுதிக் கட்டணம், இரண்டு ஆண்டுப் பாக்கிக்கு இரண்டு ஆணை என்பதால் ஒரே வருகைக்கு இரட்டைக் கட்டணம் என்று புகார்கள் குவிந்தன. வீட்டுக்குள் நுழையாமல் கடிதப் பெட்டி வழியாகத் தாளைப் போட்டுவிட்டால் ஜப்தி ஆகிவிடாது என்று சவுத் ரிப்பிள் கவுன்சில் வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் படித்துவிட்டு வாசலில் நின்று வாதாடக்கூடியவர் எத்தனை பேர்?

2007-இல் தீர்ப்பாயங்கள், நீதிமன்றங்கள் மற்றும் அமலாக்கச் சட்டம் நிறைவேறியது. ஜப்தி பற்றிய அதன் பகுதி ஏழாண்டு தூங்கி, 2014 ஏப்ரல் 6 அன்றுதான் நடப்புக்கு வந்தது. வருகைக் கணக்கு ஒழிந்து, மூன்று கட்டங்களுக்கு மூன்று நிலைத்த கட்டணங்கள் வந்தன. கோப்பு பெய்லிஃப் நிறுவனத்துக்குப் போனதும் 75 பவுண்டு. வாசலுக்கு முதன்முறை வந்ததும் 235. விற்பனைக் கட்டத்துக்கு 110. பாக்கி 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகைமேல் பின்னிரண்டு கட்டங்களிலும் 7.5 விழுக்காடு கூடும். வருவதற்கு முன் ஏழு முழு நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரைதான் வரலாம். வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் இருந்தால் நுழையக் கூடாது. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, படுக்கை, 1,350 பவுண்டு வரையிலான தொழில் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது.

வராத வருகைக்கு இச்சட்டம் பெருமளவு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் 1,500 பவுண்டு வரை அதே கட்டணம் சிறிய பாக்கிக்கும் பெரிய பாக்கிக்கும் ஒன்றுபோல் விழுகிறது. 2014-இன் கட்டணப்படி, 200 பவுண்டு பாக்கி வைத்தவர் வாசலில் ஒருமுறை மணி அடிக்கப்பட்டதும் 510 பவுண்டு கடன்காரராகிறார். கட்டும் பணத்தில் முதல் 75 பவுண்டு பெய்லிஃப் நிறுவனத்துக்கு. மீதியைக் கவுன்சிலும் நிறுவனமும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே மாதாமாதம் கட்டியும் வரிப்பாக்கி மெதுவாகவே கரைகிறது. பெய்லிஃபைத் தவிர்த்துக் கவுன்சிலிடமே நேராகக் கட்டிவிட்டால் கட்டணம் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு: சட்டப்படி நிலுவைத்தொகை என்பது பாக்கியும் கட்டணமும் சேர்ந்தது.

மறுக்கத்தக்க இடங்களும் உள்ளன. பல ஆணைகளை ஒன்றாகச் செயல்படுத்த முடிந்தபோது ஆணைக்கு ஒன்றாக 235 பவுண்டு கேட்கக் கூடாது. நோயாளி, முதியவர் போன்ற நலிந்தவருக்கு ஆலோசனை பெறப் போதிய வாய்ப்பு தராமல் ஜப்தி செய்த பொருளை எடுத்துச் செல்ல முனைந்தால் வருகைக் கட்டத்தின் கட்டணம் செல்லாது. கட்டணத்தை மதிப்பிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். பெய்லிஃபுக்கு நீதிமன்றம் தந்த சான்றிதழுக்கு எதிராகவும் முறையிடலாம். தோற்றால் செலவு தலையில் விழக்கூடும் என்பதால் அவ்வழியில் செல்வோர் குறைவு. செலவில்லாத வழி, கவுன்சிலிடம் புகார் செய்து பிறகு உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரிடம் போவது. ஒப்பந்த நிறுவனத்தின் செயலுக்குக் கவுன்சிலே பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு.

2013-க்குப் பின்

2013 ஏப்ரலில் மத்திய அரசு கவுன்சில் வரிச் சலுகையை ஒழித்து, நிதியைக் குறைத்துப் பொறுப்பைக் கவுன்சில்களிடம் தள்ளியது. ஓய்வூதியர்களுக்குப் பாதுகாப்பு தரப்பட்டதால், இங்கிலாந்தின் பல கவுன்சில்களில் வெட்டு உழைக்கும் வயதிலுள்ள ஏழைகள்மேல் விழுந்தது. அதுவரை வரியே கட்டாதவர்களுக்கும் பில் வந்தது. இதை எதிர்த்து ஓய்வுபெற்ற பாதிரியார் பால் நிக்கல்சன் தம் வரியை வேண்டுமென்றே கட்டாமல் நிறுத்தினார். ஹேரிங்கே கவுன்சில் சம்மன் செலவாக 125 பவுண்டு கேட்டது. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அவர் கேட்டார். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் கேட்கவில்லை. கணக்கைப் பார்க்காமல் செலவு விதித்தது சட்டவிரோதம் என்று 2015-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெய்லிஃப் வருவதற்கு முன்பே கடன் வீங்கத் தொடங்கிவிடுகிறது என்பதை இவ்வழக்கு வெளிச்சமாக்கியது.

வேல்ஸ் 2019-இல் கவுன்சில் வரிக்கான சிறைத்தண்டனையை ஒழித்தது. இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறை இன்னும் சட்டத்தில் உண்டு. 2021 முதல், கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பிப்பவருக்கு, வசூலை நிறுத்திவைக்கும் 60 நாள் ‘மூச்சுவிடும் அவகாசம்’ கிடைக்கிறது. பெய்லிஃப்களைக் கண்காணிக்க 2022-இல் அமைந்த அமலாக்க நடத்தை வாரியம், சட்ட அதிகாரம் இல்லாமல் நிறுவனங்களின் சம்மதத்தை நம்பி இயங்கத் தொடங்கியது. லண்டனின் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2018-இல் வரி வசூலுக்குப் பெய்லிஃப்களை அனுப்புவதையே கைவிட்டது. அனுப்பும் செலவு கடன்பட்டவர் தலையிலேயே விழும்படி சட்டம் இருக்கும்வரை, மற்றக் கவுன்சில்கள் அதைப் பின்பற்றுவதற்குப் பணக் காரணம் ஏதும் இல்லை.