நெடுவில்லை இழுத்தவர்கள்: மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்களின் கனம்

ஒரு வில்லின் கனம் என்ன என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. தராசில் வைத்து நிறுத்தால் ஆளுயர மரவில்லும் ஏறத்தாழ ஒரு கிலோதான் இருக்கும். பள்ளிச் சிறுவன்கூடத் தூக்கிவிடுவான். நாணைக் காதருகே வரை இழுத்துப் பிடிக்கும்போது விரல்களில் உணரப்படும் கனம் வேறு. வில்லாளர்கள் கணக்கில் கொள்வது இந்த இரண்டாவது கனத்தைத்தான். இதை இக்கட்டுரையில் இழுப்பு எடை என்று குறிப்பிடுவோம். உலகெங்கும் இதனைப் பவுண்டில் அளப்பதே இன்றும் வழக்கம். ஒரு பவுண்டு என்பது சுமார் 0.45 கிலோ.

1346-இல் கிரெசியிலும் 1415-இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளைத் திணறடித்த ஆங்கிலேய நெடுவில்லின் இழுப்பு எடை எவ்வளவு என்பது வரலாற்று ஆசிரியர்களிடையே நெடுங்காலம் தீராத கேள்வியாக இருந்தது. அக்காலத்து விற்கள் மண்ணில் மக்கிப் போய்விட்டன. விடை கடலுக்கு அடியிலிருந்து வந்தது.

இழுக்க இழுக்கக் கூடும் கனம்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாண் ஏற்றுவது வேறு, ஏற்றிய நாணை இழுப்பது வேறு. சனகன் அவையில் இராமனுக்கு வைக்கப்பட்ட சோதனை நாண் ஏற்றுவது. கிரேக்கக் காப்பியத்தில் ஒடிசியசின் மனைவியை மணக்க வந்தவர்கள் தோற்றுப் போனதும் நாண் ஏற்றுவதில்தான். நாண் ஏற்றும்போது வில்லின் ஒரு முனையைக் காலடியில் ஊன்றி, உடல் எடை முழுவதையும் அதன் மேல் சாய்க்கலாம். நாணை இழுக்கும்போது அந்த வசதி இல்லை. இரண்டு கைகளுக்கு நடுவே, காற்றில் நின்றபடி வில்லை வளைத்தாக வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு, நீட்சியை அளந்து வரைபடம் வரைந்த மாணவர்களுக்கு மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும். சுருள்வில் என்ற சொல்லிலேயே வில் இருக்கிறதல்லவா! மரவில்லும் ஏறத்தாழ அதே விதிப்படிதான் நடக்கிறது. நாணை இழுக்கத் தொடங்கும்போது விசை மிகக் குறைவு. இழுக்கும் தொலைவு கூடக் கூட விசையும் ஒரே சீராகக் கூடுகிறது. நாண் ஏற்றிய நிலையில் வில்லின் நடுவிலிருந்து நாண் 6 அங்குலம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 30 அங்குலம் வரை இழுத்தால் நாண் நகரும் தொலைவு 24 அங்குலம். முழு இழுப்பில் 150 பவுண்டு காட்டும் வில்லாயின், ஒவ்வோர் அங்குலத்துக்கும் 6 பவுண்டுக்குச் சற்று மேல் கனம் சேர்கிறது. ஆகவே அதே வில், கை குட்டையான ஒருவர் 28 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால், அவருக்கு 12 பவுண்டு குறைவாகவே இருக்கும். வில்லின் எடையைச் சொல்லும்போது எத்தனை அங்குல இழுப்பில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

நெடுவில்லின் கொடுமை இதில் இருக்கிறது: கை மிகவும் பின்னால் போய், இழுப்பதற்கு வசதி குறைந்த நிலையில்தான் கனம் உச்சத்தை அடைகிறது. முனைகள் முன்னோக்கி வளைந்த துருக்கிய, மங்கோலிய விற்களில் நிலைமை கொஞ்சம் மாறும். கொம்பும் நரம்பும் மரமும் ஒட்டிச் செய்யப்பட்ட அவற்றில் தொடக்கத்திலேயே கனம் வேகமாக ஏறி, கடைசியில் ஏற்றம் தணிந்துவிடும். ஆகவே ஒரே இழுப்பு எடை உள்ள இரண்டு விற்களில் ஒன்று கைக்கு இதமாகவும் மற்றொன்று முரடாகவும் தோன்றலாம். உருளைகள் பொருத்திய இக்காலக் கூட்டு விற்களில் முழு இழுப்பை எட்டியதும் கனத்தின் பெரும்பகுதி கையை விட்டே நீங்கிவிடுகிறது. அவற்றோடு பழைய விற்களை ஒப்பிடுவது பொருந்தாது. ஒலிம்பிக் போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் விற்கள் பெரும்பாலும் 50 பவுண்டை ஒட்டியவை.

கடலடியில் கிடைத்த சான்று

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கனவான்களும் சீமாட்டிகளும் வில்வித்தையைப் பொழுதுபோக்காகப் பயின்றனர். ஆண்கள் இழுத்த விற்கள் 50 பவுண்டுச் சுற்றளவில் இருந்தன. தங்கள் தோள்வலியை அளவுகோலாகக் கொண்டு பார்த்தவர்களுக்குப் போர்வில் நூறு பவுண்டைத் தாண்டியிருக்கும் என்பது நம்பும்படியாக இல்லை. பழைய கதைகளை மிகைப்படுத்தல் என்று ஒதுக்குவது எளிதாக இருந்தது.

எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே, சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 500 பேரில் தப்பியவர் 40 பேருக்கும் குறைவு. 1840 வாக்கில் டீன் சகோதரர்கள் நீரில் மூழ்கிச் சில பொருள்களை எடுத்தனர்; அவற்றில் விற்களும் இருந்தன. முறையான அகழாய்வு நடந்தது 20-ஆம் நூற்றாண்டில். 1982 அக்டோபர் 11 அன்று கப்பலின் எஞ்சிய உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது. சேற்றுப் படிவு காற்றுப்படாமல் காத்திருந்ததால் 170-க்கும் மேற்பட்ட விற்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. பல விற்கள் பெட்டியில் அடுக்கியபடியே இருந்தன. முழுமையாகக் கிடைத்த விற்களின் சராசரி நீளம் 2 மீட்டருக்குச் சற்றே குறைவு.

அவை யூ மரத்தால் ஆனவை. மரத்தின் வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். வெளிறு இழுவிசையைத் தாங்கும். வில்லாளனை நோக்கிய உட்புறம் வைரமாகவும் இலக்கை நோக்கிய வெளிப்புறம் வெளிறாகவும் அமையுமாறு ஒரே கட்டையில் செதுக்கியிருந்தனர். கட்டையைப் பார்த்தவுடனேயே அவற்றின் தடிப்பு ஆய்வாளர்களை வியக்க வைத்தது. தடிப்பு சிறிது கூடினாலும் வில் பெரிதும் விறைத்துப்போகும். பத்தில் ஒரு பங்கு தடிப்பு கூடினால் இழுப்பு எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

நடிகரும் நெடுவில் ஆய்வாளருமான ராபர்ட் ஹார்டி உள்ளிட்ட குழுவினர் சில விற்களுக்கே நாண் ஏற்றி, மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தனர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடலில் கிடந்த மரம் வலுவிழந்திருந்ததால் கிடைத்த அளவு குறைவாகவே இருந்தது. எனவே அதே அளவுகளில் புதிய யூ மரத்தில் படி செய்து இழுத்தனர். நெதர்லாந்து ஆய்வாளர் கூய் கணினியில் கணித்தும் பார்த்தார். இரண்டு வழிகளும் ஒரே திசையைக் காட்டின: இழுப்பு எடை சுமார் 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை, பல விற்கள் 150 பவுண்டை ஒட்டியவை.

150 பவுண்டு என்றால் 68 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூட்டையை முதுகும் காலும் சேர்ந்து தூக்குகின்றன. இங்கோ அதைவிடக் கூடுதலான கனம் இரண்டு அல்லது மூன்று விரல்களில் தொங்குகிறது. இன்னொரு கை அதே அளவு விசையை எதிர்த்து நீட்டியபடி நிற்க வேண்டும்.

எப்படி இழுத்தார்கள்?

புயவலி மட்டும் போதாது. ஹியூ லாட்டிமர் என்ற மதகுரு 1549-இல் ஆறாம் எட்வர்டு மன்னர் முன் ஆற்றிய உரையில் தம் இளமைக்காலத்தை நினைவுகூர்ந்தார். வேளாண் குடியைச் சேர்ந்த அவருடைய தந்தை, வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற வில்லை வாங்கித் தந்து, வளர வளரப் பெரிய வில்லாக மாற்றிக் கொடுத்தாராம். கைவலியால் இழுக்காமல் உடலையே வில்லுக்குள் செலுத்தும் முறையைக் கற்பித்தாராம். முதுகுத் தசைகளும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்யும் இந்த முறையில், நாணைப் பின்னிழுப்பதோடு வில்லை முன்னே தள்ளுவதும் நடக்கிறது. இன்று கனமான விற்களை இழுப்பவர்களும் இதையே செய்கின்றனர். முழு இழுப்பில் நின்று நிதானமாகக் குறி பார்ப்பதில்லை. எட்டியவுடன் அம்பை விட்டுவிடுவார்கள். 2004-இல் மார்க் ஸ்ட்ரெட்டன் என்ற ஆங்கிலேயர் 200 பவுண்டு நெடுவில்லை முழுமையாக இழுத்துக் காட்டினார்.

படிப்படியாகக் கனத்தைக் கூட்டும் இந்த முறை லாட்டிமர் வீட்டோடு நின்றதல்ல. அரசு அதைச் சட்டமாகவே ஆக்கியிருந்தது. எட்டாம் ஹென்றி காலத்து 1541-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 7 வயது முதல் 17 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கித் தருவது தந்தையின் கடமை. 24 வயதைக் கடந்தவர்கள் 220 கஜத்துக்குக் குறைந்த தொலைவில் இலக்கு வைத்துப் பழகுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. இது சுமார் 200 மீட்டர். மெல்லிய வில்லோடு அவ்வளவு தொலைவு எய்ய இயலாது என்பதை யோசித்தால், தூரத்தைச் சொல்லியே கனத்தை வலியுறுத்திய சட்டம் இது என்பது என் கருத்து. ஆனால் இப்படித் திரும்பத் திரும்பச் சட்டம் போட வேண்டியிருந்ததே, மக்கள் வில்லை விட்டுப் பந்துக்கும் பகடைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் காட்டுகிறது.

இந்தப் பயிற்சியின் விலையைச் செலுத்தியது உடல். மேரி ரோஸில் இறந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட், தோள்பட்டை எலும்பின் நுனித்துண்டு ஒன்று சிலரிடம் இணையாமலே இருந்ததைக் கண்டார். இளமைப் பருவம் முடிவதற்குள் மற்ற எலும்போடு ஒன்றிவிட வேண்டிய துண்டு அது. வழக்கமாகக் காணப்படுவதைவிட இக்குறை அங்கே கூடுதலாக இருந்தது. வளரும் பருவத்தில் கனமான வில்லை ஓயாமல் இழுத்ததே காரணம் என்று அவர் கருதினார். கப்பலில் பீரங்கி இழுத்தவர்களும் இருந்தார்கள் என்பதால் ஒவ்வோர் எலும்புக்கூட்டையும் வில்லாளனுடையது என்று சொல்லிவிட முடியாது. எனினும் விற்களின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அவருடைய விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

இழுக்கும் வலுவையும் எய்யும் திறனையும் தனித்தனியே சோதித்த நாடும் உண்டு. சீனாவில் சிங் அரசர்கள் காலப் படைத்துறைத் தேர்வில் 80, 100, 120 ஜின் என மூன்று படிகளில் கனமான விற்கள் வைக்கப்பட்டன. ஒரு ஜின் ஏறத்தாழ 600 கிராம். ஆக மிகக் கடினமான வில் 72 கிலோ. அவற்றை இழுத்துக் காட்டினால் போதும், அம்பு எய்ய வேண்டியதில்லை. எய்வதற்கான சோதனை வேறாக நடந்தது. இத்தேர்வு 1901 வரை நீடித்தது.

இங்கிலாந்தில் நெடுவில் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. துப்பாக்கி வில்லை விஞ்சிவிட்டதால் மட்டும் அது நடக்கவில்லை. துப்பாக்கியைச் சில வாரங்களில் கற்பிக்கலாம். 150 பவுண்டு வில்லை இழுக்கும் தோளை உருவாக்கப் பத்தாண்டுகள் வேண்டும். 1595-இல் அரசவை ஆணைப்படி, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் படைகளில் வில்லுக்குப் பதிலாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மேரி ரோஸ் மூழ்கி அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.