ஊரப்பாக்கத்துத் துப்பாக்கிகள்

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளைப் பார்க்கும் சீட்டில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம் பக்கமிருந்து வந்த மனுக்களில் திருடனைக் காரணம் காட்டியவை குறைவு. நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர்கள், ராத்திரியில் பன்றி வந்து கொல்லையைக் கிளறிவிடுகிறது என்று எழுதினார்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு அவர்களுக்கு இடம் கொடுத்தது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கி. மனு தாசில்தாருக்குப் போகும், வி.ஏ.ஓ. பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்த்து நிலம் உண்டென்று எழுதுவார், போலீஸ் அறிக்கை வரும், கடைசியில் கலெக்டர் கையெழுத்து.

இந்த லைசென்ஸ் முறைக்கு முன்னால் இந்தப் பக்கத்து வீடுகளை யார் காத்தார்கள்? காவல்காரர்கள். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். களத்தில் நெல்லை அளக்கும்போதே பாளையக்காரருக்கும் ஊர்க் காவலுக்கும் பங்கு ஒதுக்கியதை அந்தக் கணக்குகளில் பார்க்கலாம். ஆயுதம் ஏந்துவது ஒரு பிழைப்பு. அதற்குக் கூலி நெல். கும்பினி இந்தக் காவலை மெல்ல மெல்லத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தெற்கே மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும், மீறி வைத்திருந்தால் மரண தண்டனை. தமிழ்நாட்டில் ஜனங்களின் கையிலிருந்து ஆயுதம் பறிபோன கதை அங்கேதான் பெரிதாகத் தொடங்குகிறது.

1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். இந்த அவமானம் காந்தியின் மனசிலும் இருந்தது. 1930 ஜனவரியில் அவர் வைசிராயிடம் முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தற்காப்புத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வேண்டும், அது மக்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் உண்டு. அகிம்சையின் தலைவர் இதைக் கேட்டார் என்பதை இளைஞர்களுக்கு நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் எப்போதுமே தாராளமாகத்தான் எழுதிவைத்தது. மெக்காலே தலைமையில் 1837-ல் தயாரான நகலிலேயே அது இருக்கிறது. 1862-ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 103-வது பிரிவின்படி, ராத்திரியில் வீட்டை உடைத்துப் புகுகிறவனைத் தடுக்கும்போது உயிர் போனாலும் குற்றமில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 41-வது பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் உரிமை இல்லை என்ற வரம்புகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில், லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டவரை விடுதலை செய்தபோது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் ஆபத்து வரும்போது கோழையாக ஓட வேண்டியதில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நடைமுறை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தார். பின்சுவர் ஏறிய ஆட்களைப் பார்த்து ஒற்றைக்குழலை வானத்தை நோக்கி ஒரு முறை வெடித்தார். யாருக்கும் காயமில்லை, வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். விடிந்ததும் மகஜர் எழுதித் துப்பாக்கியை எடுத்துப் போனார்கள். குழலில் நூல் கட்டி, அட்டையில் குற்ற எண் எழுதி, வெற்றுத் தோட்டாவைத் தனியாகக் கவரில் போட்டு அரக்கு வைத்தார்கள். ஃபார்ம் 95-ல் கோர்ட்டுக்கு, அங்கிருந்து மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு. அதில் தப்பு இல்லை. சுட்டது எந்தத் துப்பாக்கி, எந்தத் திசையில் என்று அறிவியல் சொன்னால்தான் வீட்டுக்காரரின் வார்த்தை நிற்கும். என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். பரிசோதனை முடிந்தும் துப்பாக்கி வருஷக்கணக்கில் திரும்பவில்லை. அதற்குள் லைசென்ஸ் காலாவதி, புதுப்பிக்கப் போனால் “ஆயுதத்தைக் காட்டு” என்கிறார்கள். கடைசியில் கைக்கு வந்தபோது குழலின் உள்ளே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. வாரம் ஒரு தரம் எண்ணெய்த் துணி விட்டு இழுத்துத் துடைத்தவர் அவர்.

கைப்பற்றிய பொருளைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் செய்யாதவனின் ஆயுதத்துக்கும் அந்த அக்கறை வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எல்லாத் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் டோனி மார்ட்டின் என்ற விவசாயியின் துப்பாக்கிச் சான்றிதழை 1994-லேயே ரத்து செய்திருந்தார்கள். 1999-ல் அவர் அனுமதியில்லாத துப்பாக்கியால், வீட்டுக்குள் புகுந்த 16 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார். எந்தக் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்று பார்ப்பது அரசின் வேலை. நானும் அந்த வேலையைத்தான் செய்தேன்.

கொள்ளை பயம் இந்தப் பக்கத்துக்கும் வந்த காலம் உண்டு. 2005 ஜனவரி 9-ம் தேதி விடியற்காலையில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது பவாரியா கும்பல். நெடுஞ்சாலையோர வீடுகளாகப் பார்த்து லாரியில் வந்து கொள்ளையடித்தவர்கள். போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடக்கே போய்ப் பிடித்தது. அந்த நாட்களில் இங்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருந்தவர்களின் தூக்கம் போயிற்று. அப்போது வந்த மனுக்களில் பன்றிக்குப் பதில் கொள்ளைக்காரன் இருந்தான்.

ஆனால் அதற்குள் ஊரப்பாக்கமே மாறிவிட்டது. கொல்லைகள் மனைகளாயின. அடங்கலில் பயிர் இல்லையென்றால் பயிர்ப் பாதுகாப்பு லைசென்சுக்கும் வேலை இல்லை. புதுப்பிக்காத துப்பாக்கிகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். இறந்தவர்களின் துப்பாக்கிகளைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். நான் சொன்ன பெரியவரும் துருப்பிடித்த ஒற்றைக்குழலை அப்படித்தான் கொடுத்தார். இன்றைக்கு இங்கே திருடன் தேடுவது பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டை. அந்த வீட்டு பீரோவில் ஒரு துப்பாக்கி இருந்தால் நகையோடு அதுவும்தான் போகும். ஊருக்குப் போகுமுன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறது போலீஸ். எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன் நான்.