குளிரும் கணக்கும்

எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு ஒரு வீட்டுச் சொந்தக்காரர் தம் வீட்டைச் செப்பனிட முன்வருவது எதனால்? இலாபத்தைக் கணக்கிட்டுக் காட்டினால் மக்கள் தாமே முன்வருவர் என்பது அரசாங்கங்களின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிரிட்டனில் பட்ட பாடு அறியத்தக்கது.

1973-ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை ஏறியபின், சிக்கனம் அங்கே அரசாங்கக் கொள்கையாயிற்று. கணப்பின் வெப்பம் கூரை வழியே வீணாவதைத் தடுக்க, பரணில் கண்ணாடிப் பஞ்சு போன்றவற்றைப் பரப்புவதற்கு 1978-இல் சட்டம் இயற்றி மானியம் வழங்கினர்.

2013 ஜனவரியில் தொடங்கிய 'கிரீன் டீல்' என்னும் திட்டம் வேறு வழியில் சென்றது. அதன் அடிப்படை கடன். வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். தவணை மின்கட்டணத்தோடு சேர்ந்து வரும். மிச்சமாகுமென்று மதிப்பிட்ட தொகைக்குத் தவணை மிகாது என்பது விதி. ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கடன் ஆளைச் சாராமல் வீட்டைச் சார்ந்து நின்றது. வீட்டை விற்றால் அடுத்துக் குடிவருபவர் தலையில் விழும். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை நம்பி, கண்ணுக்குத் தெரியும் கடனை ஏற்க எத்தனை பேர் இசைவர்? 2015 ஜூலையில் அரசாங்கம் அதற்குப் பணம் அளிப்பதை நிறுத்திற்று. அதுவரை கடன் பெற்ற குடும்பங்கள் சுமார் 14,000. ஒரு கடனுக்குப் பொதுப்பணம் 17,000 பவுன் வீதம் செலவாயிற்றென்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2016-இல் கணக்கிட்டது.

இதற்குச் சற்று முன்னர் லண்டனில் ஒரு சிறு சோதனை நடத்தினர். பஞ்சு பரப்பப் பலர் தயங்கியது செலவுக்கு அஞ்சி மட்டுமன்று. பரண் நிறையப் பழைய சாமான்கள் கிடந்தன! அவற்றை இறக்கித் தர ஆள் அனுப்புவதாகச் சொன்னதும், அதற்குத் தனிக் கட்டணம் இருந்தும், இசைந்தவர் தொகை கூடிற்று. நம் வீட்டுப் பரண்களை நினைத்தால் இதில் வியப்பில்லை.

சமையலறையைப் புதுப்பிக்கும்போதோ, கூடுதலாக ஓர் அறை கட்டும்போதோ, வீடு எப்படியும் கலைந்து கிடக்கும் வேளையில் இவ்வேலையையும் முடித்துக்கொள்ள மனம் இசைகிறது. அப்போதும் தூண்டுகோல் பெரும்பாலும் கதவிடுக்கில் நுழையும் குளிர்காற்றுதான். வேலை முடிந்தபின், ஓர் அறையில் மட்டும் கணப்பு மூட்டியவர் இரண்டு அறைகளில் மூட்டுகிறார். எதிர்பார்த்த மிச்சம் முழுவதும் கிட்டுவதில்லை. இதைச் சிக்கனக் கணக்கில் நஷ்டமாக எழுதுவதுண்டு. குளிர்காலந்தோறும் முதியோர் பலர் குளிரால் நலிந்து மாளும் நாட்டில், அவ்வாறு எழுதுவது எனக்கு உடன்பாடன்று.